பொம்மை சொன்னதும் நீதிமன்றம் கேட்டதும்

மேசைமேல் நான்கு பொம்மைகள். நான்கும் ஒரே அச்சில் வார்த்த கைக்குழந்தைப் பொம்மைகள். இடுப்பில் வெள்ளைத் துணி, அவ்வளவுதான் உடை. இரண்டுக்குப் பழுப்பு உடம்பு, கறுப்பு முடி. மற்ற இரண்டுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் முடி. எதிரே மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் ஒரு கறுப்பினக் குழந்தை. பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். உனக்கு விளையாடப் பிடித்ததை எடுத்துக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. பார்க்க மோசமாக இருப்பதைக் கொடு. நல்ல நிறம் உள்ளதைக் கொடு. அடுத்த மூன்று வேண்டுகோள்கள் குழந்தைக்கு இன வேறுபாடு தெரிகிறதா என்று பார்ப்பவை. எட்டாவதும் கடைசியுமானது: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு. கென்னத் கிளார்க், மேமி ஃபிப்ஸ் கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 253 குழந்தைகளிடம் நடத்திய இந்தச் சோதனையின் முடிவுகள் 1947-இல் அச்சாயின. 134 குழந்தைகள் தெற்கே ஆர்கன்சாவில், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்திருந்த பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். மொத்தத்தில் 67 சதவீதம் பேர் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மையை மோசமானது என்றார்கள். எது வெள்ளைக் குழந்தை, எது கறுப்பினக் குழந்தை என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகவே காட்டினார்கள். கடைசிக் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்கினர் பழுப்புப் பொம்மையைத் தங்களைப் போன்றது என்று எடுத்துக் கொடுத்தார்கள். சற்று முன் மோசமானது என்று தள்ளிய அதே பொம்மையைத் தன்னுடையதாகக் கையில் எடுக்க வேண்டிய அந்தக் கணத்தில் சில குழந்தைகள் அழுதார்கள். சிலர் அறையைவிட்டே ஓடினார்கள்.

இந்தப் பொம்மைகள் பிறகு நீதிமன்றப் படியும் ஏறின. தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த பள்ளி வழக்குக்காக 1951-இல் கென்னத் கிளார்க் அங்கே போய் ஆறு முதல் ஒன்பது வயதுவரை உள்ள 16 குழந்தைகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார். 10 பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்திருந்தது. 11 பேர் பழுப்புப் பொம்மையை மோசமானது என்றார்கள். அந்த வழக்கும் இன்னும் சில வழக்குகளும் ‘பிரவுன் எதிர் கல்வி வாரியம்’ என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்றுசேர்ந்தன. 1954 மே 17 அன்று, அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பிரித்துவைப்பது கறுப்பினக் குழந்தைகளின் மனதில் தாழ்வுணர்வை விதைக்கிறது என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். அதற்கு ஆதாரமாகப் பதினோராவது அடிக்குறிப்பில் அடுக்கிய ஆய்வுகளில் முதலாவது கிளார்க்குடையது. தீர்ப்பு சரியானது, அதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஆனால் பொம்மைகள் சொன்னதை நீதிமன்றம் ஒரு பக்கமாகத்தான் கேட்டது. குழந்தை தன்னைப் பற்றி வாக்குமூலம் கொடுத்ததாக அது எடுத்துக்கொண்டது. கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தங்கள் மனதைவிடத் தாங்கள் வாழ்ந்த ஊரைப் பற்றியே அதிகம் சொன்னார்கள் என்று படுகிறது. யாருக்கு மதிப்பு, யாருக்கு இல்லை என்று அந்த ஊர் எழுதிவைத்திருந்ததை அவர்கள் பிழையில்லாமல் வாசித்துக் காட்டினார்கள். இந்த இரண்டு புரிதல்களுக்கும் உள்ள தூரம் ஏட்டளவானதும் இல்லை. குறை குழந்தைக்குள் இருக்கிறதென்றால் திருத்த வேண்டியது குழந்தையை. குறை ஊரில் இருக்கிறதென்றால் திருத்த வேண்டியது ஊரை.

குழந்தைக்கு என்ன தெரியும் என்பது எல்லா ஊர்களிலும் சொல்வதுதான். அதற்கு எதிரான இன்னொரு எண்ணமும் உண்டு: தன் இனத்தை விரும்புவது இயற்கை, அது ரத்தத்திலேயே இருக்கிறது என்பது. கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. பிறந்த சில நாட்களில் குழந்தை எந்த இனத்தவரின் முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்தில் தன் இன முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு ரத்தத்தின் குணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2006-இல் யாயிர் பார்-ஹைமும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று மாதக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பார்த்தார்கள்: இஸ்ரேலில் வளரும் வெள்ளைக் குழந்தைகள், எத்தியோப்பியாவில் வளரும் கறுப்பினக் குழந்தைகள், எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள். முதல் இரு குழுவினரும் தங்களைப் போன்ற முகங்களை அதிகம் பார்த்தார்கள். இரண்டு இன முகங்களையும் தினமும் பார்த்து வளர்ந்த மூன்றாவது குழுவினரிடம் அந்தச் சாய்வே இல்லை. பிரான்சில் வெள்ளைக் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த கொரியர்கள், வளர்ந்த பிறகு ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள் என்று இன்னோர் ஆய்வு காட்டியது. கண் பழகியதை நாடுகிறது, அவ்வளவே. முகம் பழகுவது ஒன்று. அந்த முகத்துக்கு விலை போடுவது இன்னொன்று. விலை போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு மிகத் தெளிவான விடையை எனக்குத் தந்தது ரெபெக்கா பிக்லரும் அவர் கூட்டாளிகளும் 1990-களில் ஒரு கோடைக்காலப் பள்ளியில் நடத்திய சோதனை. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என்று இரண்டு நிற டி-ஷர்ட்டுகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை; பிள்ளைகள் வெறுமனே அணிந்திருந்தார்கள். வேறு வகுப்புகளில் நிறத்தை வைத்து உட்காரவைத்தார்கள், வரிசையில் நிற்கவைத்தார்கள், பெயர் சொல்லி அழைப்பதற்குப் பதிலாக நிறம் சொல்லி அழைத்தார்கள். ஒரு நிறத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டியும் வைக்கவில்லை. நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது, நிறம் கண்டுகொள்ளப்படாத வகுப்பில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. நிறம் பயன்பட்ட வகுப்புகளிலோ தன் நிறத்தவரே நல்லவர்கள் என்ற எண்ணம் வேர் பிடித்திருந்தது. பின்னர் 2001-இல் வெளியான ஆய்வில் ஒன்றைக் கூட்டினார்கள். முந்தைய ஆண்டுகளில் போட்டிகளில் வென்றவர்கள், தலைவர்களாக இருந்தவர்கள் என்று சில படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். அவற்றில் பெரும்பாலோர் ஒரே நிறம் அணிந்தவர்கள். யாரும் அந்தப் படங்களை விளக்கவில்லை. விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர்கள் நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில் உயர்ந்த நிறத்துப் பிள்ளைகள் தங்கள் கூட்டமே உசத்தி என்று எண்ணினார்கள். மற்ற நிறத்துப் பிள்ளைகளிடம் தங்கள் கூட்டத்தின்மேல் அப்படியொரு சாய்வு தோன்றவில்லை. கிளார்க் தம்பதியின் மேசையில் நடந்ததன் சிறிய நகலைத் துணி நிறத்தை வைத்தே சில வாரங்களில் உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். குழந்தைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரியவர்கள் ஒரு வேறுபாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதில் ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும் என்று குழந்தை கணக்குப் போடுகிறது. அந்த அர்த்தம் என்ன என்பதைச் சுவரைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது.

உண்மையான அமெரிக்காவில் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான்சி லேரிக் என்ற ஆசிரியை 1962 முதல் 1964 வரை அங்கே வெளியான 5,206 சிறுவர் புத்தகங்களில், எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது வருகிறாரா என்று கணக்கெடுத்தார். வந்தவை 349, நூற்றுக்கு ஏழுகூட இல்லை. ஒரு குழந்தை நூலகத்தில் உட்கார்ந்து நூறு புத்தகங்களைப் புரட்டினால் தொண்ணூற்று மூன்றில் கறுப்பின மனிதர்கள் உலகத்திலேயே இல்லை. இதில் எந்தப் புத்தகமும் யாரையும் இழிவுபடுத்தாமல்கூட இருந்திருக்கலாம்.

சுவருக்கு அடுத்தது வாக்கிய அமைப்பு. மார்ஜரி ரோட்ஸும் சாரா-ஜேன் லெஸ்லியும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ‘சார்ப்பி’ என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றிய படப் புத்தகத்தை நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வாசித்தார்கள். படங்கள் ஒன்றே; வாக்கியம் மட்டும் வேறு. சிலருக்கு, “இந்தச் சார்ப்பிக்குப் பூச்சியென்றால் பயம்” என்ற பாணியில். சிலருக்கு, “சார்ப்பிகளுக்குப் பூச்சியென்றால் பயம்” என்ற பாணியில். இரண்டாவது விதமாகக் கேட்ட குழந்தைகள், சார்ப்பிகள் பிறவியிலேயே அப்படித்தான், எங்கே வளர்ந்தாலும் மாற மாட்டார்கள் என்று நினைக்கத் தொடங்கினார்கள். ‘அவர்கள்’ என்ற ஒரு பன்மை போதும். அது புகழ்ச்சியாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். “அந்த ஆட்கள் நன்றாக ஓடுவார்கள்” என்று சொல்லும்போதும், மனிதர்களைப் பிறவிக் குணத்தால் பிரிக்கலாம் என்ற சட்டகத்தைத்தான் குழந்தை எடுத்துக்கொள்கிறது. தமிழில் இதற்கு ஓர் அசைபோடத்தக்க உதாரணம் உண்டு. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்கிறோம். சொல்பவர் பாராட்டத்தான் சொல்கிறார், அன்பாகவும் சொல்கிறார். கறுப்பு ஒரு குறை என்று அந்த வாக்கியத்தில் யாரும் சொல்லவில்லை, ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லைத் தவிர. பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுப் பெண் குழந்தை பாராட்டை மறந்துவிடும். அந்த ‘இருந்தாலும்’ நிற்கும். வயிற்றுப் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று குங்குமப்பூ கரைத்துக் கொடுக்கும் வீட்டில், பிறகு அந்தப் பிள்ளையிடம் நிறத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

சொல்லைவிட உடம்பின் பேச்சு இன்னும் பலமானது. இத்தாலியில் லூய்ஜி காஸ்தெல்லியும் பிறரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் சந்திக்கும் காணொளியைக் காட்டினார்கள். சிலவற்றில் வெள்ளையர் சமத்துவமாகப் பேசினார், ஆனால் விலகி உட்கார்ந்தார், முகம் கொடுக்கவில்லை. குழந்தைகள் பேச்சை விட்டுவிட்டு உடம்பைப் பின்பற்றினார்கள். அதே குழுவினரின் இன்னோர் ஆய்வில், தாய் வாயால் சொன்ன கருத்துக்கும் பிள்ளையின் மனப்போக்குக்கும் தொடர்பு தெரியவில்லை. தாயின் தன்னையறியாத சாய்வுக்கும் பிள்ளையின் மனப்போக்குக்கும் தெரிந்தது. பின்னர் அமெரிக்காவில் வேறு ஆய்வாளர்கள் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, சட்டை நிறத்தால் மட்டும் வேறுபட்ட இரண்டு பெண்களைக் காட்டினார்கள். ஒருத்தியிடம் மற்றவர்கள் சிரித்துப் பேசுகிறார்கள், இன்னொருத்தியிடம் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சில நிமிடமே குழந்தைகளை ஒரு பக்கம் சாய்க்கப் போதுமாக இருந்தது. சாலையில் ஒருவர் எதிரே வரும்போது அம்மாவின் கை தன் கையைச் சட்டென்று இறுக்குவதை உணர்ந்த குழந்தைக்கு வேறு விளக்கம் எதற்கு?

அப்படியானால் எல்லாம் பெற்றோர் செய்வதுதானே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதாகவும் இல்லை. பெற்றோரின் இன மனப்பான்மையையும் பிள்ளைகளுடையதையும் ஒப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஜூலியானே டெக்னரும் ஜோனாஸ் டாலேகேயும் 2013-இல் தொகுத்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் நடுத்தர அளவில்தான். பெற்றோர் போட்ட அச்சில் பிள்ளை வார்க்கப்படுவதாக இருந்தால் அந்த எண் மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். டெக்சாஸில் வெள்ளைத் தாய்மார்களையும் அவர்களுடைய நான்கைந்து வயதுப் பிள்ளைகளையும் வைத்து எரின் பால்கேயும் பிறரும் செய்த ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கதைப் புத்தகம் வாசிக்கும்போது பெரும்பாலான தாய்மார்கள் இனம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நிறம் பார்க்காத பிள்ளையாக வளர்க்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகளோ, தாய் கறுப்பினத்தவரைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதை அறியாமலே இருந்தார்கள். அவர்கள் ஊகித்ததற்கும் தாய் சொன்னதற்கும் பொருத்தம் இல்லை. பேசாமல் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. யார் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள், யார் உத்தரவிடுகிறார்கள் என்று குழந்தை தானே பார்த்து நிரப்பிக்கொள்கிறது. இப்படி ஒதுக்கி வைத்திருப்பதற்குப் பின்னால் சட்டமும் வங்கிக் கடனும் வீட்டு விற்பனையும் இருந்த வரலாறு ஐந்து வயதுக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது மிஞ்சும் ஒரே விளக்கம், அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்பதுதான். குழந்தைகளிடம் இனத்தைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். இவான் ஆப்ஃபெல்பாமும் கூட்டாளிகளும் 2010-இல் காட்டியதையும் சேர்த்துக்கொள்ளலாம்: நிறத்தைப் பார்க்காதே என்ற கருத்துள்ள கதையைக் கேட்ட எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளில் பலர், வெளிப்படையான இனவெறித் தாக்குதலைக்கூட அநீதி என்று அடையாளம் காணத் தவறினார்கள். பார்க்காதே என்று பழக்கியது அநீதியையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டது.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். பொம்மைச் சோதனை உண்மையிலேயே தாழ்வுணர்வை அளந்ததா? இல்லை என்று சொல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. 1968-இல் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,900 மாணவர்களிடம் மாரிஸ் ரோசன்பர்க்கும் ராபர்ட்டா சிமன்ஸும் தன்மதிப்பை நேரடியாக அளந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளைப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாக இல்லை. 2000-இல் பெர்னடெட் கிரே-லிட்டிலும் ஆடம் ஹாஃப்டாலும் அதுவரை வெளிவந்த ஒப்பீடுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கறுப்பினப் பிள்ளைகளின் சராசரி சற்று அதிகமாகவே இருந்தது. இந்த முரணை அவிழ்த்தவர் வில்லியம் கிராஸ். 1991-இல் வெளியான நூலில் அவர் சொன்னது எளிமையானது: நான் எப்படிப்பட்டவன் என்று குழந்தை நினைப்பது ஒன்று, என் கூட்டத்துக்கு உலகம் என்ன மதிப்புப் போடுகிறது என்று அதற்குத் தெரிந்திருப்பது மற்றொன்று. பொம்மை இரண்டாவதை அளந்தது. முதலாவதை அளந்ததாக எல்லோரும் வாசித்தார்கள். வீட்டில் பாட்டி தலைவாரிவிட்டு ராசா என்று கொஞ்சுகிற குழந்தைக்குத் தன்மேல் அன்பு இருக்கும். தன்னைப் போன்றவர்கள் கடை முகப்பில் நிற்க முடியாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க மூன்று, நான்கு வயதுப் பிள்ளையால் முடிகிறது. அந்தக் கடைசிக் கேள்வியில் வந்த அழுகை இந்த இரண்டையும் ஒரே பொம்மையில் பொருத்தச் சொன்னதால் வந்தது என்பது என் எண்ணம்.

கிளார்க்கின் எண்களிலேயே இதற்குச் சான்று உண்டு; வழக்கின் எதிர்ப்பக்கத்தவரும் பிற்கால விமர்சகர்களும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பியவர்கள் தெற்கே 62 சதவீதம், வடக்கே 72. பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் தெற்கே 49; வடக்கே 71. பிரித்துவைப்பதுதான் காயப்படுத்துகிறது என்றால், பிரிக்கப்படாத பள்ளியில் நிலைமை ஏன் இன்னும் மோசமாக இருந்தது? பிரிவினையே நல்லது என்று வாதாட இது போதாது. ஆர்கன்சாவில் ஒரு சிறுவன் பழுப்புப் பொம்மையைச் சிரித்துக்கொண்டே காட்டி, இழிசொல் ஒன்றால் அதையும் தன்னையும் குறிப்பிட்டதைக் கென்னத் கிளார்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வடக்கே அழுத குழந்தையைவிட அந்தச் சிரிப்பு தன்னை அதிகம் கலக்கியதாகச் சொன்னார். ஆனால் குழந்தை அருகில் இருப்பவரோடுதான் தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறது என்பதற்கு இந்த எண்கள் சாட்சி. தெற்கே அதன் ஆசிரியை, பாதிரியார், மருத்துவர் எல்லோரும் அதன் நிறத்தவர். வெள்ளை உலகம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். வடக்கே வெள்ளை ஆசிரியையின் முன்னால் வெள்ளைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அளவு பார்க்க வேண்டும். ரோசன்பர்க்கும் சிமன்ஸும் பால்டிமோரில் இதையே கண்டார்கள்: வெள்ளைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் படித்த கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்புச் சற்றுக் குறைவாக இருந்தது. காலத்தோடு பொம்மையின் பதில் மாறியதும் இதையே காட்டுகிறது. 1969-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஜோசஃப் ஹ்ராபாவும் ஜெஃப்ரி கிராண்ட்டும் சோதனையைத் திரும்ப நடத்தியபோது கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் கறுப்புப் பொம்மையை எடுத்தார்கள். கறுப்பே அழகு என்ற முழக்கம் வீதிக்கு வந்திருந்த காலம் அது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளிடமும் 1960-களுக்கும் 70-களுக்கும் இடையே, மாவோரிகளின் உரிமைக்குரல் எழுந்த ஆண்டுகளில், இதே திருப்பத்தை கிரஹாம் வான் பதிவுசெய்தார். 2005-இல் கிரி டேவிஸ் என்ற பள்ளி மாணவி நியூயார்க்கில் எடுத்த குறும்படத்தில் 21 குழந்தைகளில் 15 பேர் மறுபடியும் வெள்ளைப் பொம்மைக்குத் திரும்பியிருந்தார்கள். சிறிய எண்ணிக்கைதான், அதிலிருந்து பெரிய முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் இப்படி முன்னும் பின்னும் ஆடுவது தனி மனதின் ஆழத்தில் பதிந்த காயத்தின் இயல்பு இல்லை. அது காற்றழுத்தமானி காட்டும் வேலை.

தீர்ப்பு தவறவிட்ட குழந்தை இன்னொன்று இருக்கிறது: வெள்ளைக் குழந்தை. கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் மட்டும்தான் கேட்டார்கள். வழக்குக்கு அதுதான் தேவைப்பட்டது. ஆனால் பிரவுன் வழக்கில் இணைத்த அறிக்கை ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட சமூக அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, பிரித்துவைப்பதால் பெரும்பான்மைக் குழந்தைகளும் கெடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்: தங்கள் தகுதிக்கு அடிப்படையில்லாத அளவுகோலைக் கற்கிறார்கள், சமத்துவம் போதிக்கும் பெரியவர்களே வேறுமாதிரி நடப்பதைக் கண்டு குழம்புகிறார்கள் என்று. தீர்ப்பு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளைவு நடைமுறையில் தெரிந்தது. குறை கறுப்பினக் குழந்தையிடமும் அதன் பள்ளியிடமும் இருக்கிறது என்று ஆகிவிட்டதால், சேர்ப்பது என்றாலே கறுப்பினப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்புவது என்றாயிற்று. தெற்கிலும் எல்லை மாநிலங்களிலுமாக 1954-க்கும் 1965-க்கும் இடையில் ஏறக்குறைய 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள் என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. குழந்தைகளின் தன்மதிப்பைக் காப்பதாகச் சொன்ன ஏற்பாடு, தங்களைப் போன்ற முகம் கரும்பலகையின் முன் நிற்பதை அவர்களிடமிருந்து பறித்தது. இதைவிட எனக்குத் துயரம் தரும் பகுதி இந்த வரலாற்றில் வேறில்லை.

குழந்தையின் வாசிப்பு சரியானது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று தரலாம். அது சாதியைப் பற்றியது. இனமும் சாதியும் ஒன்றல்ல, ஆனால் குழந்தை வாசிக்கும் விதம் ஒன்றுதான். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் வழிதேடும் புதிர்களைக் கொடுத்து, தீர்த்ததற்கு ஏற்ப காசு தந்தார்கள். மேல்சாதி 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதி 321 பேர். சாதி தெரியாதபோது இரு தரப்பும் சமமாகத் தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்ததும் இடைவெளி விழுந்தது. தங்களால் முடியாது என்ற நினைப்பா? பரிசை மனிதர் தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்கும்படி வைத்தபோது அந்த இடைவெளி மறைந்தது. தன் திறமையை அந்தச் சிறுவன் சந்தேகிக்கவில்லை. எதிரே இருப்பவர் நியாயமாக நடப்பாரா என்பதைச் சந்தேகித்தான். அந்தச் சந்தேகம் அவன் ஊர் அவனுக்குக் கற்றுத் தந்தது. பிக்லரின் டி-ஷர்ட் வகுப்பு தமிழ்நாட்டில் கயிறாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிவருவதைத் தடுக்க 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி உள்ளிட்ட அடையாளங்களைப் பள்ளியில் விலக்கச் சொன்னது. கயிற்றை அறுத்தால் சாதி போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. ஆனால் நிறம் கண்டுகொள்ளப்படாத வகுப்பில் நான்கு வாரத்துக்குப் பிறகும் ஒன்றும் முளைக்கவில்லை என்பதை அந்தக் கோடைக்காலப் பள்ளி காட்டியிருக்கிறது. கயிறு கூடாது என்பதும் சாதியைப் பற்றிப் பேசக் கூடாது என்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பிரித்து அடுக்க அந்த அடையாளத்தைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அந்த அடுக்கு எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதைப் பாடத்தில் சொல்லியாக வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. டயான் ஹியூஸும் பிறரும் 2006-இல் தொகுத்த ஆய்வுகளில், தங்கள் மக்களின் வரலாற்றையும் கதைகளையும் பெருமிதத்தோடு சொல்லி வளர்த்த வீடுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு பெரும்பாலும் மேலாக இருந்தது. உலகம் உனக்கு எதிரானது, யாரையும் நம்பாதே என்று மட்டும் சொல்லி வளர்த்ததால் அந்தப் பலன் வரவில்லை. கறுப்பினத் தாய்மார்களும் பாட்டிமார்களும் தேவாலயங்களும் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்தது இதுதான்; பால்டிமோரின் எண்களுக்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் பலமான மதில் கட்டியிருக்கிறார்கள் என்பதற்காகக் கல்லெறிவதைத் தொடரலாம் என்று ஆகாது. தன்மதிப்பு குறையவில்லையே, பிறகு என்ன தீங்கு என்று கேட்பவர்களுக்கு அவ்வளவுதான் பதில். ஒரு பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும் என்பதற்கு அந்தப் பிள்ளை உடைந்துபோயிருப்பதாக நிரூபிக்க வேண்டிய தேவை கிடையாது.

கிளார்க் தம்பதிக்கு இது நடைமுறையில் தெரிந்தே இருந்தது. பொம்மை ஆய்வு அச்சாவதற்கு ஓராண்டு முன்பு, 1946-இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர்கள் ‘நார்த்சைடு’ என்ற குழந்தை நல மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். தொடக்கத்தில் அங்கே வந்த பெற்றோர்களில் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள்: பள்ளியில் தங்கள் பிள்ளையை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று. மேமி கிளார்க்கும் மையத்தினரும் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே இல்லை. மையம் அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் கேள்வி கேட்டது; உள்ளே, வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் அமர்த்தியது.